கடைசி இரண்டு பக்கங்கள்

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், படிப்பெல்லாம் தமிழ்தான். நூலகத்திலிருந்து அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை எடுத்துவந்து இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். புரட்டிப் பார்த்தேன். முடிவில் ஒரு பெண் ஆடையைக் களைகிறாள். பதினாறு வயதில் படிக்கிற கதையா இது? பிடுங்கி வைத்துவிட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.
- ஒரு தாய், கிருஷ்ணகிரி

பதில்: அம்மா, முதலில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூலகத்தில் அல்ல, பையனிடம்.

நீங்கள் கடைசியில் புரட்டியிருக்கிறீர்கள். அவனோ முதல் பக்கத்திலிருந்து நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான். சந்திரசேகரன் செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ப் பையன், கிரிக்கெட் பைத்தியம். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது அந்த ஊர் இருந்த, நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேரவில்லை. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாம் பணிந்தார். நாவலில் இது சரித்திரப் பாடமாக வருவதில்லை. சேர்ந்து விளையாடிய பையன்களுக்கு நடுவே ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி வந்து நிற்கிறது, அவ்வளவுதான். 1931இல் அதே ஊரில் பிறந்து, இருபது வயது தாண்டும்வரை அங்கேயே இருந்தவர் எழுதியது.

இனி நீங்கள் பயந்த இடம். கலவரத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய்விடும் சந்திரசேகரனைக் கண்டு குடும்பமே நடுங்குகிறது. மற்றவர்களை விட்டுவிடும்படி கெஞ்சி, ஒரு சின்னப் பெண் அவன் முன்னால் ஆடையைக் களைகிறாள். அவன் கூசிக் குறுகி வெளியே ஓடுகிறான். ஆசையைக் கிளப்பும் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. தன்னைப் பார்த்தும் ஒருவர் இப்படி நடுங்க முடியும் என்று ஒரு பையனுக்குத் தெரியவரும் இடம் அது.

நான் பதினெட்டு வயதில் தருமபுரியில் இதைப் படித்தேன். கிரிக்கெட் வரும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, அரசியலை வேகமாகத் தள்ளினேன். முடிவை மட்டும் தள்ள முடியவில்லை. அப்போது, பெண்கள் பள்ளி விடும் நேரத்தில் எதிரே சைக்கிளை நிறுத்திக் காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். மறுநாள் மாலை கூப்பிட வந்த நண்பர்களிடம், சைக்கிள் பஞ்சர் என்று பொய் சொன்னேன்.

உங்கள் வீட்டில் தெலுங்கு. தெருவில் தமிழோடு உருதும் காதில் விழும். ஓசூர் தாண்டினால் கன்னடம். அப்படி வளரும் பையனுக்குச் சந்திரசேகரன் அந்நியனாக இருக்க மாட்டான். நானே தேடியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக ஒரு நாவலைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அவன் முடித்ததும் நீங்களும் படியுங்கள், முதலிலிருந்து. பேச்சைக் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள், பையன் சங்கடப்படுவான். இந்த நாவலில் சில இடங்களில் ‘நான்’ என்று கதை சொல்கிறது, சில இடங்களில் ‘அவன்’ என்று விலகிக்கொள்கிறது. ஏன் அப்படி என்று அவனிடம் கேளுங்கள். எனக்கு ஒரு யூகம் உண்டு. அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள், பிறகு நான் சொல்கிறேன்.