கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் மாறுவதால் பழைய வைரிகளின் ஆட்டம் நின்றுபோவது அவ்வளவு பெரிய இழப்பா?

ஆமாம், பெரிய இழப்புதான். நான் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் முதுகலை படித்தவன், அதனால் அந்த ஊர்க் கல்லூரியான ஓக்லஹோமா ஸ்டேட் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கன் ஃபுட்பாலில் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன. பெரும்பாலும் அக்கம்பக்கத்து மாநிலங்களின் கூட்டாகத்தான் அவை இருந்தன. ஒளிபரப்பு உரிமையைக் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கையிலேயே வைத்திருக்க முடியாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் டிவி நிறுவனங்களோடு நேரடிப் பேரம்தான். 2022-இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் போட்ட ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் தூரத்தை யார் பார்ப்பார்கள்? கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் இன்று அட்லாண்டிக் கடற்கரைக் கல்லூரிகளோடு ஆடுகிறது.

எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் நடப்பதற்குப் பெட்லம் என்று பெயர். முதல் ஆட்டம் 1904-இல் கத்ரி ஊரில். அன்று அடித்த காற்றில், எங்கள் ஆள் உதைத்த பந்து பின்னோக்கிப் பறந்து, பனி உறைந்துகொண்டிருந்த ஓடையில் விழுந்தது. இரண்டு அணிக்காரர்களும் தண்ணீரில் குதித்து அடித்துக்கொண்டார்கள். பந்தை எடுத்தது ஓக்லஹோமா, அதற்கும் புள்ளி. கடைசியில் 75-0. அந்தக் கதையை ஸ்டில்வாட்டரில் இன்னும் சொல்வார்கள், அதுவும் தோற்றவர்களே! 1910 முதல் 2023 வரை ஒரு வருடம்கூட இந்த ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் நடந்தது, கொரோனா வருடத்திலும் நடந்தது.

ஓக்லஹோமாவில் வண்டிக்குப் பின்னால் மட்டும்தான் நம்பர் பிளேட் கட்டாயம். முன்னால் காலியாக இருக்கும் இடத்தில் பாதி ஆரஞ்சு, பாதி கருஞ்சிவப்புத் தகடு மாட்டிய வண்டிகளை எங்கும் பார்க்கலாம். கணவன் ஒரு கல்லூரி, மனைவி இன்னொரு கல்லூரி என்று அர்த்தம். ஸ்டில்வாட்டருக்கும் ஓக்லஹோமா அணியின் ஊரான நார்மனுக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர்தான். சனிக்கிழமை தோற்றவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் ஜெயித்தவரின் முகத்தில் விழித்தே ஆக வேண்டும். பகையின் ருசியே அதில்தான் இருக்கிறது.

2024 ஜூலை 1 அன்று ஓக்லஹோமாவும் டெக்சஸும் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸுக்குப் போயின, நாங்கள் பழைய கான்ஃபரன்ஸிலேயே நின்றுவிட்டோம். 2023 நவம்பரில் நடந்த கடைசி பெட்லத்தில் நாங்கள் 27-24 என்று ஜெயித்தோம். பெரும்பாலும் தோற்ற பக்கம் எங்களுடையது என்பதால் அந்த வெற்றி இன்னும் இனிக்கிறது, ஆனால் மறு ஆட்டம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இதே மாற்றம் இன்னொரு பகையை உயிர்ப்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012-இல் எஸ்.இ.சி.க்குப் போனதும் டெக்சஸோடு 1894-இல் தொடங்கிய ஆட்டம் நின்றுபோனது. இருந்தும் ஏ அண்ட் எம் ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோளோடு தோள் கோத்து, ரம்பம் போல இடமும் வலமும் அசைந்து, டெக்சஸ் காளையின் கொம்பை அறுப்பதாகப் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள், எதிரே வேறு அணி நின்றாலும்! 2024-இல் இரண்டு அணிகளும் மறுபடி மோதின. மனதார மகிழ்ந்தேன். ஆனால் டிவி பணம் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்ததால்தான் அது நடந்தது. அந்த அதிர்ஷ்டம் ஸ்டில்வாட்டருக்கு இல்லை.

"கான்ஃபரன்ஸ் வேறானால் என்ன, தனியாக ஆடிக்கொள்ளலாமே" என்பார்கள். ஆடலாம்தான். சீசனுக்கு 12 ஆட்டம், அதில் எட்டோ ஒன்பதோ கான்ஃபரன்ஸுக்குள். மீதியில் சிறிய அணிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைத்து எளிதாக ஜெயிப்பது வழக்கம். அந்த இடங்களையும் பல ஆண்டுகளுக்கு முன்பே நிரப்பிவிடுகிறார்கள். அப்படியும் மனம் இருந்தால் வழி கிடைக்கிறது: வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் கான்ஃபரன்ஸ் பிரிந்த பிறகும் ஆப்பிள் கப் ஆட்டத்தை விடவில்லை. நவம்பர் கடைசியில் நடந்தது செப்டம்பருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

புது வைரிகள் உருவாக மாட்டார்களா என்றும் கேட்கலாம். ஓக்லஹோமா அலபாமாவோடு ஆடினால் பார்வையாளர் எண்ணிக்கை எகிறும், மறுக்கவில்லை. ஆனால் அலபாமா ரசிகர் ஓக்லஹோமாவின் துல்சா நகரில் யாருக்கும் மாமனார் இல்லை. சிறிய அணி ஒன்றுக்குக் காசு கொடுத்து வாங்கும் ஒரே ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தால் போதும், பெட்லம் திரும்பிவிடும்.