மிப்ஸ் லிங்கர் பிழை: ‘-ஜி’ எண் எல்லா ஃபைலிலும் ஒன்றுதானா?

கேள்வி: மிப்ஸ் என்ற வகை ப்ராசஸர் உள்ள போர்டுக்கு ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதுகிறேன். கம்பைலருக்கு ‘-ஜி 0’ கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கர், ‘ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்’ (முகவரி கொடுத்த இடத்தில் அடங்கவில்லை) என்று நிற்கிறது. லிங்கருக்கும் அதையே கொடுத்தேன், பலனில்லை. என்ன செய்வது?

பதில்: லிங்கரிடம் வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. மிப்ஸில் ஜிபி என்ற ரெஜிஸ்டரை (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) வைத்து, மொத்தம் 64 கேபி இடத்தை ஒரே கட்டளையில் எட்டலாம். எத்தனை பைட் வரையுள்ள மாறிகளை (வேரியபிள்களை) அந்த இடத்தில் வைப்பது என்பதைத்தான் ‘-ஜி’ எண் சொல்கிறது. சொல்லாவிட்டால் பெரும்பாலும் 8. கட்டளையை எழுதுவது கம்பைலரும், அசெம்பிளி மொழியை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளரும்தான். லிங்கர் முகவரியை மட்டும் நிரப்பும், எட்டாவிட்டால் கத்தும். ஃபைல்கள் வேறு வேறு எண்ணில் உருவானவை என்று ஒரு வார்த்தை சொல்லாது. இத்தனை வருடமாகியும் இப்படியே விட்டிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 8-இல் உருவான ஃபைல், 0-இல் உருவான ஃபைலிலுள்ள சின்ன மாறியைத் தேடினால், அது அந்த 64 கேபிக்கு வெளியே விழும்போது பிழை வரும். தலைகீழாக இருந்தால் வராது: 0-இல் உருவானது முழு முகவரியைப் பயன்படுத்துவதால் மாறி எங்கே இருந்தாலும் எட்டிவிடும். அதனால்தான் கலப்படமான ப்ராஜெக்டும் பல நாள் ஓடும், திடீரென ஒருநாள் உடையும்.

முதலில் மேக்ஃபைலை (‘மேக்’ என்ற கருவிக்கு எதை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் ஃபைல்) பாருங்கள். சி கம்பைலருக்கான ‘சிஃப்ளாக்ஸ்’-இல் எழுதியது, மேக்கின் இயல்பான விதிப்படி அசெம்பிளி ஃபைல்களுக்குப் போகாது. அசெம்பிளருக்கான ‘ஏஎஸ்ஃப்ளாக்ஸ்’-இலும் எழுதுங்கள். எழுத்து பெரிய ஜி. சின்ன ஜி டீபக்குக்கு. லிங்கரை நேரடியாகக் கூப்பிடாமல் ஜிசிசி என்ற கம்பைலர் வழியாகவே எல்லாவற்றையும் ஓட்டினால் அதுவே அசெம்பிளருக்கும் லிங்கருக்கும் எண்ணைக் கடத்தும். அப்புறம் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைல் ஆகி லிங்கருக்குப் போகும் ஃபைல்கள்) அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள் (பில்ட் செய்யுங்கள்).

இதற்கும் மசியவில்லையென்றால் போர்டு விற்றவர் கொடுத்த லைப்ரரியைச் சந்தேகியுங்கள். சோர்ஸும் தராமல், எந்த எண்ணில் கட்டினோம் என்றும் சொல்லாமல், பிழை உங்களுடையது என்று கைகழுவுகிறவர்கள் நிறைய. அந்த லைப்ரரியின் மேல் ‘ரீட்எல்ஃப் -ஆர்’ ஓட்டிப் பாருங்கள், லிங்கர் நிரப்ப வேண்டிய இடங்களைப் பட்டியலிடும். ‘ஜிபிரெல்16’ (ஜிபி வழியாக எட்டும் இடம்) என்று வந்தால் அது 0-இல் கட்டியதல்ல. 0-இல் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், சப்போர்ட் என்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தர மறுத்தால் அவர்களுடைய எண்ணையாவது கேட்டு வாங்கி, உங்கள் எல்லா ஃபைலையும் அதிலேயே கட்டுங்கள். சின்ன மாறிகள் 64 கேபிக்குள் அடங்கும்வரை ஓடும்.