உகுலேலேவில் முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போது மட்டும் விரல் வலிப்பது ஏன்?

உகுலேலே என்ற நான்கு தந்தி வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், உங்கள் விரல் அல்ல.

துணி காயப்போடும் கொடியை நடுவில் இழுத்தால் எளிதாகத் தாழும். ஆணிக்குப் பக்கத்தில் இழுத்தால் அசையவே அசையாது. உகுலேலேவின் தலைப்பக்கம் இருக்கும் ‘நட்’தான் அந்த ஆணி. தந்திகள் பதியும் அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தம் கூடும், சுருதியும் ஏறும். எஃப் கார்டு (சுரக்கூட்டு) பிடிக்கும்போது, முதல் ஃப்ரெட்டில் அழுத்தும் இ தந்தி அபசுரமாகக் கேட்பது இதனால்தான்.

சோதிக்க, தந்தியை 2-ஆம், 3-ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதிகமென்றால் பள்ளத்தை ஊசி அரத்தால் ராவுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தந்தியை மாட்டிப் பாருங்கள். ஆழம் மீறினால் விரல் வைக்காத தந்தி கரகரக்கும், நட்டையே மாற்ற நேரிடும்.

12-ஆம் ஃப்ரெட்டில் சுமார் 2.5 மி.மீ. வசதியான உயரம். அங்கே 0.5 மி.மீ. குறைய, மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் பட்டையான சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும்.

வலி குறைய மெல்லிய எஃகுத் தந்தி போடலாம் என்பது தவறான எண்ணம்: நைலானுக்கெனச் செய்த பிரிட்ஜ் (சேடிலைத் தாங்கி உடலில் ஒட்டியிருக்கும் கட்டை) அந்த இழுவிசையில் பெயர்ந்துவிடலாம்.