பாலை நிறுத்தியும் வயிறு உப்புகிறதே, ஏன்?

கேள்வி: பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று பரிசோதனையில் தெரிந்ததால் பால் குடிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் உப்புசமும் வாயுவும் தொடர்கின்றன. வேறு எவற்றில் லாக்டோஸ் இருக்கிறது?

மருத்துவர் பதில்: நீங்கள் நிறுத்தியது டம்ளரில் குடிக்கும் பாலை. பொடியாக உள்ளே போகும் பாலைத்தான் இப்போது தேட வேண்டும்.

200 மி.லி. பசும்பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் உண்டு. ஆட்டுப்பால், எருமைப்பாலிலும் ஏறத்தாழ இதே அளவுதான். காய்ச்சினாலோ கொழுப்பை நீக்கினாலோ அது குறையாது. தண்ணீரை நீக்கிப் பொடியாக்கினால் செறிவு கூடிவிடும்: கொழுப்பு நீக்கிய பால் பவுடரின் எடையில் ஏறக்குறைய பாதி லாக்டோஸ்தான். சீஸ் செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் வே பவுடரில் சுமார் 70 சதவீதம்! பிஸ்கட், பிரெட், கேக், மில்க் சாக்லேட், உடனடி சூப், மால்ட் பானம், மசாலா தூவிய சிப்ஸ் எனப் பலவற்றில் இவை சேர்கின்றன. பாக்கெட்டின் பின்புறம் ‘மில்க் சாலிட்ஸ்’, ‘வே’, ‘பால் பவுடர்’ என்று இருக்கிறதா பாருங்கள். லாக்டிக் அமிலம், கால்சியம் லாக்டேட் என்ற பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை லாக்டோஸ் அல்ல.

எல்லாப் பால் பொருளையும் ஒதுக்கவும் தேவையில்லை. வீணாகக் கால்சியத்தை இழப்பீர்கள். நெய்யிலும், மாதக்கணக்கில் பதப்படுத்திய செடார், பார்மசான் சீஸ்களிலும் லாக்டோஸ் அநேகமாக இல்லை. தயிரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் அதிலுள்ள பாக்டீரியாக்களின் நொதியே குடலில் அதைச் செரிக்க உதவும். அரை கப் சாப்பிட்டுப் பாருங்கள். ஐஸ்கிரீமுக்கு இந்தச் சலுகை கிடையாது. தேங்காய்ப்பால், பாதாம் பால், சோயா பாலில் இயற்கையாக லாக்டோஸ் இல்லை.

மாத்திரைகளிலும் நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்ப்பதுண்டு. அளவு மில்லிகிராம் கணக்கில்தான் என்பதால் பெரும்பாலானோரை அது பாதிக்காது. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு வாரம் லேபிள் பார்த்துச் சாப்பிடுங்கள். குறைந்தால், பாலைக் கால் டம்ளரில் தொடங்கி, உணவோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கலாம். உங்கள் வயிறு எவ்வளவு தாங்கும் என்பது அப்போது தெரியும். குறையவே இல்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். சர்க்கரையில்லா சூயிங்கத்தில் உள்ள சார்பிட்டால் என்ற இனிப்பூட்டிகூட இதே தொல்லையைத் தரும். மலத்தில் ரத்தம், எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் இரண்டு வாரம் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.