கோகோபீட் ஏற்றுமதி: பிரஸ்ஸுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: பேராவூரணி பக்கம் 5 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நார்க்கழிவை (கோகோபீட்) 5 கிலோ பிளாக்காக அடித்து ஏற்றுமதி செய்ய ஆசை. டெல்டாவில் ஆலைக்குத் தடை என்கிறார்களே? எந்த பிரஸ் (பிளாக்காக அழுத்தும் இயந்திரம்) வாங்கலாம்?

பதில்: 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தடுப்பது உருக்காலை, தோல் பதனிடுதல், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்றவற்றை. கயிறு, நார்த் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கழுவிய பழுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விட முடியாது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. 5 ஏக்கரில் சுமார் 350 மரம். மரத்துக்கு 100 காய் என்றால் வருடம் 35,000 மட்டை. மட்டைக்கு 150 கிராம் கழிவு கிடைத்தாலும் 5 டன்தான். 40 அடி கன்டெய்னருக்கோ 20 டன்னுக்கு மேல் வேண்டும். ஆக, சுற்றியுள்ள மஞ்சி (தேங்காய் நார்) மில்களிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

பிரஸ் கடைசி. நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடத்தில் மண்ணுக்குப் பதில் கோகோபீட்டில் தக்காளி வளர்ப்பவர் முதலில் பார்ப்பது உப்பை, அதாவது அதைக் காட்டும் இ.சி. (மின்கடத்துத்திறன்) அளவை. 0.5 மில்லிசீமன்ஸுக்குள் கேட்பார்கள். உங்களுடையது கடலோர வட்டாரம்; போர் தண்ணீரே 1-ஐத் தொட்டால் எத்தனை முறை அலசினாலும் அந்த அளவு வராது. மீட்டர் ஒன்று வாங்கிக் கோடையிலும் மழைக்குப் பிறகும் அளந்து பாருங்கள். வெறும் அலசலில் கரையும் உப்பு மட்டுமே போகும். நாரோடு ஒட்டிய சோடியம், பொட்டாசியத்தை விலக்க கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். எந்த முறையில் சோதிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒரே சரக்கு ஒவ்வொரு சோதனை முறைக்கும் ஒவ்வோர் எண் காட்டும், தகராறு அங்கேதான்.

உலர்த்த சிமெண்ட் களமே வேண்டும். மண் தரையில் காயவைத்தால் மணலும் களை விதையும் சேரும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அடித்த பிளாக் கன்டெய்னருக்குள் பூசணம் பிடிக்கும், எடையும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் களம் காயாது; அந்த மாதங்களுக்கான சரக்கைப் புரட்டாசிக்குள் கொட்டகையில் சேர்த்துவிடுங்கள். இதற்கான நடைமுறை மூலதனத்தைத்தான் பலர் திட்ட மதிப்பீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதியாளர் குறியீட்டு) எண், கயிறு வாரியப் பதிவு, தாவர நலச் சான்று தேவை. பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டத்தில் 50 லட்சம் வரையிலான உற்பத்தித் திட்டத்துக்குக் கிராமப்புறத்தில் 25 சதவீத மானியம் உண்டு. பெண்கள் பெயரில் என்றால் 35. முதல் இரண்டு கன்டெய்னருக்குக் கூலிக்கு பிளாக் அடித்துக் கொடுப்பவரிடம் போங்கள். வாங்குபவர் மூன்றாவதையும் கேட்ட பிறகு பிரஸ் விலை பேசலாம்.