மசக்கைக்குக் கஞ்சா மிட்டாயா?

கேள்வி: என் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். இப்போது மூன்றாம் மாதம். வாந்தி தாங்காமல், கடையில் விற்கும் கஞ்சா ஜெல்லி மிட்டாய் சாப்பிடுகிறாளாம். அங்கே அதற்குப் பெயர் 'கம்மி'. கேட்டால், "இங்க சட்டப்படி விக்கிறாங்கம்மா. ஜமைக்காவுல ஆராய்ச்சி பண்ணி, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிட்டாங்க" என்கிறாள். உண்மையா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: அப்படி ஓர் ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். 1994-ல் வெளியானது. ஜமைக்காவிலும் அதற்குக் கஞ்சா என்றுதான் பெயர். கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் நாட்டுக் கூலிகளோடு போன சொல். கர்ப்பத்தில் அதைப் பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகளை ஒரு மாதத்தில் சோதித்தபோது, சில விஷயங்களில் மற்ற குழந்தைகளைவிட நன்றாகவே இருந்தார்கள். ஆனால் பார்த்தது மொத்தம் 44 குழந்தைகளை. அதிகம் பயன்படுத்திய தாய்மார்கள் ஓரளவு வசதியாகவும் இருந்தவர்கள். அது கஞ்சாவின் பலனா, வசதியின் பலனா?

உங்கள் மகள் இருக்கும் ஒன்டாரியோவிலேயே ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவப் பதிவுகளை அலசி, 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. புகையிலை, மது, வருமானம் எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தபிறகும், கஞ்சா பயன்படுத்தாதவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் குறைப்பிரசவம் என்றால், பயன்படுத்தியவர்களில் பத்துப் பேருக்கு. கனடாவின் ஒட்டாவாவில் 1978 முதல், கர்ப்பத்தில் கஞ்சா பயன்படுத்திய தாய்மார்களின் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மொத்த ஐக்யூவில் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளி வயதில் கவனம், திட்டமிட்டுச் செய்வது போன்றவற்றில்தான் கொஞ்சம் பின்தங்கல் தெரிந்தது. பிறந்த ஒரு மாதத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர்தான் கம்மி. அதில் உள்ள டிஎச்சி என்ற போதைப் பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, உடம்புக் கொழுப்பில் நாள்கணக்கில் தங்குகிறது. 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று யாரும் அளவு சொன்னதில்லை. கனடாவில் 2018-லிருந்து கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கிறது, சரி. சிகரெட்டையும்தான் அனுமதிக்கிறது. இன்னொன்று, அதிகமாகப் பழகியவர்களுக்குக் கஞ்சாவே ஓயாத வாந்தியைக் கொடுப்பதும் உண்டு.

போனில் திட்டாதீர்கள், அப்புறம் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். "ஏதாவது வயித்துல தங்குதாம்மா?" என்று ஆரம்பியுங்கள். இதுவரை சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம், இன்றோடு நிறுத்தினால் போதும். மிட்டாய் விஷயத்தை அங்கே பார்க்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும். டாக்சிலமின், பி6 சேர்ந்த மாத்திரையைக் கேட்கட்டும். இங்கே நாங்கள் மசக்கைக்கு எழுதித் தருவதும் அதைத்தான். இங்கிருந்து லேகியம் எதுவும் பார்சல் அனுப்பிவிடாதீர்கள். தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.