வாசகர் கேள்வி – பதில்: மெக்சிகோவின் கைவினைப் பொருட்கள்

கேள்வி: பணி நிமித்தமாகச் சில மாதங்கள் மெக்சிகோ நகரில் தங்கவிருக்கிறேன். அந்நாட்டின் பாரம்பரியக் கைவினைப் பொருட்களில் தரமானவற்றை வாங்க ஆசை. ஆனால், சுற்றுலாக் கடைகளில் எங்கும் ஒரே மாதிரியான பொருட்களே கிடைப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல பொருளை எங்கே தேடுவது, எப்படி இனங்காண்பது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது பெருமளவு உண்மை. ஆகவே, வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். தலைநகரிலுள்ள மக்கள் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பகல் முழுவதையும் செலவிடுங்கள். பிறகு, கைவினைஞர்களின் மேம்பாட்டுக்காக 1974-இல் அரசு தொடங்கிய ஃபோனார்ட் நிறுவனத்தின் விற்பனை நிலையத்தைப் பாருங்கள். எந்தப் பொருள் எந்த ஊரில் உருவாகிறது என்பதும், ஏறத்தாழ என்ன விலை பெறும் என்பதும் இவ்விரண்டு இடங்களிலும் பிடிபடும்.

அதன்பின் ஊர்களுக்கே செல்லுங்கள். மெக்சிகோவில் ஒரு கைத்தொழிலை ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வெள்ளிக்குத் தாஸ்கோ, அடித்து உருவாக்கிய செப்புப் பாத்திரங்களுக்குச் சாந்தா கிளாரா தெல் கோப்ரே, அரக்குப் பூச்சுப் பெட்டிகளுக்கு ஒலினலா எனப் பட்டியல் நீளும். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் வாஹாகா மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அங்குள்ள தியோதித்லான் தெல் வாயே என்னும் ஊரில் சபோதெக் இன மக்கள் வீட்டிலேயே தறி வைத்துக் கம்பளி விரிப்புகளை நெய்கிறார்கள். கள்ளிச் செடியில் வளரும் கோச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பையும், அவுரியிலிருந்து நீலத்தையும் எடுக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதே பூச்சிச் சாயம் ஆரஞ்சு நிறத்தை நோக்கி நகர்வதை, கேட்டால் உள்ளங்கையிலேயே கலந்து காட்டுவார்கள். ஆனால், எல்லா விரிப்புகளும் இயற்கைச் சாயத்தில் தோய்ந்தவை அல்ல என்பதால், எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். விரிப்பைத் திருப்பிப் பாருங்கள்: நல்ல நெசவில் வடிவம் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெளிவாக இருக்கும். இரண்டாக மடித்து ஓரங்களைச் சேர்த்தால் அகலம் ஒத்துப்போக வேண்டும். நூல் கம்பளிதானா என்ற ஐயம் எழுந்தால், ஓர் இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையுடன் பொடியாகும், செயற்கை இழையோ உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

புவேப்லா பகுதியின் தலவேரா எனப்படும் பளபளப்புப் பூச்சு மட்பாண்டங்களுக்குச் சட்டப்படியான தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு; அதாவது, குறித்த பகுதியில் குறித்த முறையில் செய்தவை மட்டுமே அப்பெயரைத் தாங்கலாம். அவற்றைச் செய்யும் முறையை 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடிப்பாகத்தில் பட்டறையின் பெயரோ கையொப்பமோ இருக்கிறதா என்று பார்த்து, பட்டறையின் சான்றிதழையும் கேளுங்கள். வெள்ளியில் 925 என்ற முத்திரை வேண்டும்; ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பது அதன் பொருள். ‘அல்பாக்கா’ என்று விற்கப்படும் உலோகத்தில் வெள்ளியே கிடையாது.

கேள்வி: கைவினைஞர்களிடம் பேரம் பேசலாமா?

பதில்: சந்தையில் இடைத்தரகரிடம் ஓரளவு பேசலாம், பல பொருட்களைச் சேர்த்து வாங்கும்போது அவர்களே குறைத்துத் தருவதும் உண்டு. ஆனால் நெய்தவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு விலையைப் பாதியாக்கக் கேட்பது எனக்குச் சற்றும் உடன்பாடு இல்லாத செயல். பெரிய விரிப்பு ஒன்று தறியில் பல வாரங்கள், சில நேரங்களில் மாதங்கள்கூட எடுக்கும். விலை எட்டவில்லை என்றால் சிறிய விரிப்பை வாங்குங்கள்.

கேள்வி: அங்கே வாங்கும் மண்பாத்திரங்களைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இதில் மிகுந்த கவனம் தேவை. குறைந்த வெப்பத்தில் சுடப்படும் பாரம்பரியப் பளபளப்புப் பாண்டங்கள் பலவற்றில் ஈய ஆக்சைடு கலந்த பூச்சு இன்றும் பயன்படுகிறது; புளிப்பான உணவு பட்டால் அந்த ஈயம் உணவில் கரைந்து இறங்கும். குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. ‘சின் ப்ளோமோ’, அதாவது ஈயமற்றது என்று பட்டறையே உறுதி தரும் பாத்திரங்களை மட்டும் உணவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும். சான் பார்தோலோ கொயோதெபெக் ஊரின் கரும்பாண்டங்களுக்குப் பளபளப்பைத் தருவது பூச்சு அன்று. சுடுவதற்கு முன் கல்லால் தேய்த்து மெருகேற்றுவதால் வருவது. ஆனால் அவ்வாறு மெருகேற்றியவற்றில் நீர் கசியும் என்பதால், பூச்சாடியாக வைப்பதானால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து அதில் நீர் ஊற்றுங்கள்.